நாணலுக்குள் மறைந்த சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வயதைக் கேட்கலாம், சாதகத்தைக் கேட்கலாம், கலியாணமாகி மூன்று வருடமாகியும் ஏன் இன்னும் பிள்ளையில்லை என்றுகூடக் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். "எந்த வழியாய் வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்கக்கூடாது.

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து இறங்கிய பலர் டோர்செட் பார்க்கில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டில்தான் முதல் பிட்டைச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டபடியே கதை சொல்லுவார்கள். விமானத்தில் பக்கத்தில் இருந்தவனின் குறட்டை, கழற்ற முடியாமல் காலோடு உறைந்த சப்பாத்து, ஏதோ ஒரு நாட்டில் இரண்டு கிழமை பாணும் சீனியும் மட்டும் தின்றது எல்லாம் வரும். அந்த ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் பெயர் வராது. அப்பா தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்லுவார்: "வந்த வழியைச் சொன்னால் வாறவன்ர வழி அடைபடும்." எந்தப் பழமொழிப் புத்தகத்திலும் இதை நீங்கள் பார்க்க முடியாது. எங்களைப் போன்ற வீடுகளில் பிறந்த பழமொழி அது. கிட்டத்தட்ட என் வயதுதான் அதற்கும் இருக்கும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வந்து எட்டு மாதம். வரவேற்பறைச் சோபாதான் அவருடைய கட்டில். ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவப் போவார், வருவார், கழுவிக் கழுவி வெளிறிப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அகதி வழக்கு விசாரணை வரவேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு 'கேஸ்' என்று பெயர். சித்தி கொழும்பில் நிற்கிறா என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் அவவின் படம் ஒன்று இருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் போல இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஒரு கம்பளித் தொப்பிக்குள் சுருட்டிய துண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தா. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த துண்டில் எந்த ஊரின் பெயர் இருக்கிறதோ அந்த ஊரின் புவியியலும் வரலாறும் எழுதி, வரைபடமும் கீற வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவளுக்குப் பாரிஸ். பக்கத்தில் இருந்தவனுக்கு ரோக்கியோ. எனக்கு ஷோப்ரொன், ஹங்கேரி. வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாத ஊர். ரீச்சர் மட்டும் அந்தத் துண்டை என் கையில் பார்த்து ஒரு கணம் நின்றா. பிறகு, "அது நல்ல ஊர், கவனமாகச் செய்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனா.

அன்று பின்னேரம் சாப்பிடும்போது அந்தப் பெயரைச் சொன்னேன். சித்தப்பாவின் கை சோற்றுக்குள் நின்றது. அம்மா இன்னொரு கரண்டி பருப்பை அவருடைய கோப்பையில் விட்டா. அது மேலால் வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

நூலகப் புத்தகத்தில் அந்த ஊருக்கு நான்கு பக்கம்தான் இருந்தது. ஆனாலும் வாசிக்க வாசிக்க எனக்கு அந்த ஊரைப் பிடித்துவிட்டது. வரைபடத்தில் ஹங்கேரி தன் நாக்கை ஒஸ்ரியாவுக்குள் நீட்டிக் காட்டுவது போல அது இருக்கும். அந்த நாக்கின் நுனிதான் ஷோப்ரொன். மூன்று பக்கமும் அடுத்த நாடு. ரோமர் காலத்திலேயே ஊர். நடுவில் ஓர் உயரக் கோபுரம். அதன் உச்சியில் காவல்காரர்கள் இருந்து, எங்கேயாவது நெருப்புப் பிடித்தால் எந்தத் திசை என்று பகலில் கொடியாலும் இரவில் விளக்காலும் காட்டுவார்களாம். முதலாம் உலகப் போர் முடிந்து நாடுகளைப் பிரித்தபோது அந்த ஊர்ச் சனத்திடம் வாக்குக் கேட்டிருக்கிறார்கள்: ஒஸ்ரியாவோடு போகிறீர்களா, ஹங்கேரியோடு இருக்கிறீர்களா? இருக்கிறோம் என்றார்களாம். அதனால் 'விசுவாசமான நகரம்' என்று பட்டம்.

இதைச் சித்தப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். வந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததைக் கண்டேன்.

"கேட்டவங்களோ? சனத்தைக் கூப்பிட்டு வைச்சு, உனக்கு எந்த நாடு வேணும் எண்டு கேட்டவங்களோ?"

"ஓம் சித்தப்பா. புத்தகத்தில கிடக்கு."

"அப்ப நாங்கள் பிழையான ஊரிலதான் பிறந்திட்டம்."

பிறகு அந்த எல்லையில் முள்வேலி வந்தது. ஹங்கேரியில் கலகம் நடந்து, அதை அடக்கச் சோவியத் படையின் ராங்கிகள் வந்தபோது சனங்கள் நடந்தே ஒஸ்ரியாவுக்கு ஓடினார்கள். அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் போய், ஒரு கோடைகாலப் பகலில் எல்லையிலேயே விருந்து வைத்துக் கேற்றைத் திறந்தபோது, கிழக்கு ஜேர்மனியிலிருந்து வந்து காத்திருந்த பல நூறு பேர் அதற்குள்ளால் ஓடிப் போனார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. இல்லாததைத்தான் சித்தப்பா சொன்னார்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பாவும் அம்மாவும் வேலை. நான் வெள்ளை மட்டையை நிலத்தில் விரித்து, ஊருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஏரிக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார்.

"உது முழுக்கத் தண்ணியில்லைப் பிள்ளை. உந்தக் கரை முழுக்க நாணல். ஆளை விட உயரம். தண்ணி முழங்காலளவுதான். சேறுதான் பொல்லாதது, சப்பாத்தைப் பிடிச்சு வைச்சிடும்."

என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். ரயில் நிலையம் இங்கே. அதற்குப் பின்னால் பாண் சுடுகிற கடை. அதைத் தாண்டினால் திராட்சைத் தோட்டம், கம்பி கட்டியிருக்கும், குனிந்துதான் போக வேண்டும். பிறகு நாணல். அதற்குள் வாத்துச் சுட வருகிறவர்களின் மரக்குடில் ஒன்று. ஒரு சின்னப் பாலம். சொல்லிக்கொண்டே புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டார். கோடு மெதுவாகத்தான் போனது. சில இடங்களில் பென்சில் நின்று, காத்திருந்து, பிறகு நகர்ந்தது.

"உந்தக் கோபுரம் எங்க நிண்டாலும் தெரியும். அது எப்பவும் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கவேணும். முன்னால தெரிஞ்சால் வழி பிழை."

"நீங்கள் அங்க போனனீங்களோ?"

என் கேள்வி அவரை எழுப்பியது போல இருந்தது. பென்சிலைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார்.

"படத்தில கண்டது. உந்தக் கோட்டை அழிச்சுப் போடு, என்ன? மறந்திடாதை."

"ஓம்" என்றேன்.

அழிக்கவில்லை. வகுப்பில் ஒருவருடைய வரைபடத்திலும் பாதை இருக்காது என்று எனக்குத் தெரியும். பாரிஸ்காரி ஈபிள் கோபுரத்துக்கு மினுக்கம் ஒட்டப் போகிறாள். எனக்கும் ஏதாவது வேண்டாமா? புள்ளிக்கு மேலே புள்ளி வைத்து, சிவப்பு மாக்கரால் அந்தக் கோட்டை நன்றாகத் தடிப்பித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மாக்கரால் கெட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பு. அப்பா வேலையிலிருந்து நேரே, பாரம் தூக்குவதற்காக இடுப்பில் கட்டுகிற நாரிப் பட்டியோடு வந்தார். வகுப்புக்கு வெளியே நடையில் எல்லாருடைய வரைபடங்களும் ஒட்டியிருந்தன. நான் பெருமையோடு அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னுடையதின் முன்னால் நிறுத்தினேன்.

அப்பா கிட்டப் போய்ப் பார்த்தார். அவருடைய விரல் ரயில் நிலையத்திலிருந்து தொடங்கி, மட்டையைத் தொடாமலேயே, சிவப்புக் கோட்டின் மேலால் மெல்லப் போனது. நாணலுக்கு வந்ததும் நின்றது. என் கையைப் பிடித்திருந்த மற்றக் கை குளிர்ந்துபோனது. ஒரு மனிதனுடைய கை அவ்வளவு விரைவாகக் குளிரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்து ரீச்சர் வந்தா.

"இந்த நாணல், இந்தக் குடில், இந்தப் பாலம்... இதெல்லாம் நூலகப் புத்தகத்தில் இல்லையே" என்றா. "இவளுக்கு யார் சொன்னது?"

அப்பா சிரித்தார். அலுவலகங்களில் மட்டும் அவர் சிரிக்கிற ஒரு சிரிப்பு இருந்தது. பல் தெரியும், கண் சிரிக்காது. "இன்ரநெற்" என்றார். எங்கள் வீட்டில் கம்பியூட்டரே இல்லை.

ரீச்சர் அவரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தா. "இதை நான் ஒருவருக்குக் காட்ட வேண்டும். சில நாள் வைத்திருக்கலாமா?"

எங்கள் வீட்டு அகராதியில் 'ஒருவர்' என்றால் ஒரே ஓர் ஆள்தான்: இமிகிரேசன். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையின் படம், வீட்டுக்கு வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவருக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை 'இல்லை' சொன்னது கிடையாது. "ஓம், ஓம், பிரச்சினையில்லை" என்றார். ரீச்சர் எங்கள் கண் முன்னாலேயே மட்டையை இறக்கிச் சுருட்டினா.

கெனடி வீதியில் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அவர் அடித்திருந்தால் எனக்குப் பயம் போயிருக்கும். மார்ச் மாதத்துப் பனிச்சேறு சப்பாத்துக்குள் போனதும் எனக்கு அந்த நாணல் சேறு நினைவுக்கு வந்தது. கோபுரம் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் கட்டடம் நேர் முன்னால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சித்தப்பாவை பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்தினாலும் கேட்டது.

"உனக்கு விசரே?"

"அழிக்கச் சொன்னனான் அண்ணை."

"கீறினது ஆர்? இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்கேக்கை உந்த வேலையோ?"

சித்தப்பா கம்பிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நான் கணக்குப் போட்டேன்: இன்றைக்கோ நாளைக்கோ கேஸ். அவர்கள் என் மட்டையை விரித்து வைத்து, இந்த வழியாகத்தானே வந்தாய் என்று கேட்பார்கள். சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எல்லாம் ஒரு சிவப்பு மாக்கரால்.

அம்மா என்னைப் பார்த்து, "மடியில கனமிருந்தால் வழியில பயம்" என்றா. அம்மாவிடம் எதற்கும் ஒரு பழமொழி இருக்கும், பாதி நாள் பிழையான இடத்தில்தான் வந்து விழும். அன்றைக்கு அது எங்கே விழுந்தது என்று விளங்கவில்லை. மடியில் கனம் எனக்குத்தான் இருந்தது.

அந்தக் கிழமை வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருவரும் தொலைபேசியைத் தொடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். அம்மாவின் சிநேகிதி எடுத்தபோது, "பிறகு கதைக்கிறன் அக்கா" என்று மூன்று சொல்லில் அம்மா வைத்துவிட்டா. ஒடியற் கூழுக்கு என்னென்ன போடுவது என்று ஒரு மணித்தியாலம் பேசக்கூடிய மனுசி. அரசாங்கம் எங்கள் போனை ஒட்டுக் கேட்கிறது என்று நான் முடிவு கட்டினேன். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் எரிந்தது. அதுவும் என் குற்றத்துக்காகத்தான் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, கனமான கை. சித்தப்பா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். அப்பா போட்டிருந்த சேட்டைக் கீழே இழுத்துவிட்டு, அந்த அலுவலகச் சிரிப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்ரன்ட். புகை அலாரம் சரிபார்க்க வந்தாராம். கதிரையில் ஏறி அழுத்தினார். அது கத்தத் தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. அந்த ஊர்க் கோபுரத்துக் காவல்காரர்கள் நெருப்பு எந்தத் திசையில் என்று கொடி காட்டுவார்களே, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நெருப்புத் தெரிந்தது, திசைதான் எனக்குத் தெரியவில்லை. அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் சித்தப்பா வெளியே வந்தார். முகம் முழுக்க வேர்வை.

அன்று இடைவேளைக்கு எல்லாரும் முற்றத்துக்கு ஓடியபோது நான் ஓடவில்லை. மட்டையைத் திருடுவது என்று தீர்மானித்திருந்தேன். ரீச்சரின் மேசைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், மேலங்கி கொழுவுகிற இடத்தில் எல்லாம் தேடினேன். இல்லை. நிமிர்ந்தபோது ரீச்சர் வாசலில் நின்றா.

"என்ன தேடுகிறாய்?"

என் வாய் தானாகவே திறந்தது. "என்னுடைய சித்தப்பா அங்கே போகவே இல்லை! அவர் பிளேனில்தான் வந்தவர்! படத்தில் பார்த்துத்தான் சொன்னவர்!"

அவ சித்தப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. எனக்குச் சித்தப்பா என்று ஒருவர் இருப்பதே அவவுக்கு அப்போதுதான் தெரியும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். சொன்ன பிறகு அது எனக்கே கேட்டது.

ரீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்கு முன்னால் முழங்காலில் குந்தினா.

"நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீயும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சரியா?" பிறகு குரலை இன்னும் தணித்தா. "அது என் அம்மாவிடம் இருக்கிறது. பத்தொன்பது வயதில் அவ அந்த நாணலுக்குள்ளால்தான் நடந்து வந்தவ. எந்த இடத்தால் என்று எனக்கு இன்றுவரை சொன்னதில்லை. உன்னுடைய படத்தைப் பார்த்துவிட்டு, தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறா."

நான் நம்பவில்லை. ரீச்சர்மாருக்கு அம்மா இருப்பார்கள் என்பதே எனக்குப் புதிது. அந்த அம்மா வழி சொல்லாதவ என்பதை எப்படி நம்புவது? வழி சொல்லாமல் இருப்பது தமிழருடைய பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மட்டை என் கைக்கு வந்தது. ரீச்சர் சுருட்டியபடியே தந்தா. நடையில் வைத்தே விரித்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் சிவப்புக் கோடு இல்லை. யாரோ பச்சைப் பென்சிலால் அழுத்தி அழுத்தி அதன் மேல் நாணல் கீறியிருந்தார்கள். ஒவ்வொரு தண்டும் தனித்தனியாக, நுனியில் மண்ணிறப் பூவோடு, ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டு, நூற்றுக்கணக்கில். கை நடுங்குகிற ஒருவர் கீறிய கோடுகள். குடில் இல்லை. பாலம் இல்லை. திராட்சைத் தோட்டத்துக் கம்பிகளுக்கிடையிலும் கொடி படர்ந்துவிட்டது. எவ்வளவு கிட்ட வைத்துப் பார்த்தாலும் ஒரு சிவப்புப் புள்ளிகூடத் தெரியவில்லை. கோபுரம் மட்டும் அப்படியே நின்றது. மூலையில் 'A' என்று போட்டிருந்தது. எனக்கு ஆறுதலாக இல்லை. முன்பின் தெரியாத ஒரு மனுசி என் படத்தைப் பழுதாக்கிவிட்டா என்ற கோபம்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பின்னேரம் நாலு மணி. ஜன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மட்டையை நிலத்தில் விரித்தேன். மூன்று பேரும் சுற்றிவரக் குனிந்து பார்த்தார்கள்.

"ஆர் கீறினது?" என்றார் அப்பா.

"ரீச்சரின்ர அம்மா. அவவும் அதுக்குள்ளாலதான் வந்தவவாம்."

அப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவிடம் ஒரு பழமொழியும் இல்லை. சித்தப்பா முழங்காலில் இருந்து, பாலம் இருந்த இடத்தில், அந்தப் பச்சைக்கு மேலே, உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பது போல வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

"கோபுரம் முதுகுப் பக்கம்" என்றார். "முதுகுப் பக்கம். முன்னால தெரிஞ்சால் நிக்கவேணும். திரும்பவேணும்."

"சித்தப்பா, நான் கோபுரத்தைச் சரியான இடத்திலதானே கீறினனான்?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அப்பா கேட்டார், இரண்டு முறை 'ஓம்' சொன்னார், வைத்தார். அம்மா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தா. சித்தப்பா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். கேஸ் வென்றுவிட்டது என்று நினைத்து நான் சந்தோசமாகக் கை தட்டினேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

கேஸ் அதற்குப் பிறகும் ஒரு வருடம் இழுத்தது. சித்தி அந்தக் கோடையிலேயே வந்தா, ஒற்றைக் கைப்பையோடு. எங்கள் வீட்டில் முதல் பிட்டைச் சாப்பிட்டா. எந்த வழியாய் வந்தா என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா பல வருடம் கழித்து, மார்க்கம் நகரில் ஒரு கலியாண மண்டப வாசலில் காருக்குக் காத்து நின்றபோது, பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை, என் பென்சிலை வாங்கி அவர் கோடு போட்டபோது, சித்தி கொழும்பில் இல்லை. அந்தப் பாண் கடைக்கு மேலே, ஓர் அறையில், இன்றைக்கோ நாளைக்கோ என்று காத்திருந்தா. புதன்கிழமை வந்த தொலைபேசி, அவ ஒஸ்ரியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டா என்று சொல்லத்தான்.

இப்போது அங்கே காவல் இல்லையாம். சைக்கிளில் போகிறவர்கள் எல்லை என்று தெரியாமலே கடக்கிறார்களாம். போன மாதம் விட்பியில் என் வீட்டுக்குச் சித்தி வந்தபோது கைபேசியில் அந்த ஏரியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "வடிவாய்த்தான் இருக்கு" என்று சொல்லி, கைபேசியைத் திருப்பித் தந்தா.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீட்டில் பின்னேர வெயில். அங்கே நல்ல இருட்டு. சித்தப்பாவின் உள்ளங்கைக்குக் கீழே, முழங்காலளவு தண்ணீரில், சித்தி கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தா. நானோ, அவர் எப்போது கையை எடுப்பார், அந்தப் பச்சையை அழித்து என் சிவப்புக் கோட்டை எப்போது மீட்கலாம் என்று, கையில் அழிறப்பரோடு பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தேன்.